கதவைத் திறந்தபோது ஒரு கழுதை

எனக்கு வாழ்க்கையிலேயே அதிக மதிப்பெண் வாங்கித் தந்த வாக்கியத்தை யாரும் எழுதவில்லை. அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவன் மட்டும் நான்.

பன்னிரண்டு ஆண்டுகளாக ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அடுத்தவர் பிழையைத்தான். என் பிழைகளை வீட்டில் என் மனைவி பார்த்துக்கொள்கிறாள். அவள் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். ஒரு நாள் நான் இருமல் மருந்துப் பெட்டிக்குள் மடிந்திருந்த காகிதத்தை விரித்து, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கான எச்சரிக்கையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு சிறுநீரகத்துல ஏதாவது கோளாறா?" என்றாள்.

"இல்லையே."

"பின்ன எதுக்கு அதைப் படிக்கிறீங்க? பகல் பூரா படிக்கிறீங்க, வீட்டுக்கு வந்தும் படிக்கிறீங்க. இவ்வளவு படிக்கிறதுக்கு ஒரு பட்டமாவது வாங்கிப் போடலாமில்ல? சுவத்துல மாட்டவாவது ஆகும்."

அப்படித்தான் முப்பத்தெட்டாவது வயதில் மாலைக் கல்லூரியில் மாணவனானேன். முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். நானும் உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டேன். பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முன் வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்து, "சார், நீங்க யாரு சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை.

இலக்கியப் பாடம் எடுத்த ஆசிரியை என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அவர் 'சார்' என்பார், நான் அவரை 'மேடம்' என்பேன், யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார் என்பது கரும்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். அவர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். வாரம் ஒரு வாக்கியம். அண்மையில் படித்ததிலிருந்து, மனதை விட்டு இறங்க மறுக்கும் ஒரு வாக்கியத்தை நோட்டில் எழுதி, அது நம்மை என்ன செய்தது என்று கீழே எழுத வேண்டும். பத்துக்கு மதிப்பெண்.

மற்றவர்கள் நூலகத்துக்கு ஓடினார்கள். எனக்கு அதற்கு நேரமில்லை. அச்சகத்தில் என் மேசைக்கு வருவதுதான் என் வாசிப்பு.

முதல் வாரம் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கான கையேடு ஒன்று வந்திருந்தது. அதில் இப்படி ஒரு வாக்கியம்: 'தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டாரின் சத்தம் சற்று உயர்ந்து கேட்கும்.' நான் அயர்ந்துபோனேன். எத்தனை பேரை எனக்குத் தெரியும், உள்ளே ஒன்றும் இல்லாமல் உரக்க ஓடுகிறவர்கள்! ஒரு பக்கம் எழுதினேன். முதலாளியை மனதில் வைத்து எழுதியதால் நடை தானாகவே ஓடியது. நான்கு மதிப்பெண். ஓரத்தில் ஆசிரியை, 'மோட்டாரை விட்டுவிடுங்கள் சார்' என்று எழுதியிருந்தார்.

இரண்டாம் வாரம் ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் ஆண்டறிக்கை. 'இந்த ஆண்டும் தலைவர் வர இயலவில்லை. கூட்டம் அவர் தலைமையில் நடைபெற்றது.' இதைவிடச் சுருக்கமாக யாராலும் கடவுளைப் பற்றிச் சொல்ல முடியாது என்று எனக்குப் பட்டது. ஐந்து மதிப்பெண். 'கடவுள் பெரிய விஷயம். வாரத்துக்கு ஒருமுறை வேண்டாம்.'

மூன்றாம் வாரம் உஷாராகிவிட்டேன். வங்கி மேலாளர் ஒருவர் தம் செலவில் போட்ட கவிதைத் தொகுப்பிலிருந்து நிலாவைப் பற்றிய வரி ஒன்றை எடுத்தேன். மூன்று மதிப்பெண். 'மோட்டாரே மேல்.'

சட்டென்று பேராசை பிடித்துக்கொண்டது. எங்காவது ஒரு வாக்கியம் எனக்காகக் காத்திருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டது. மேசைக்கு எது வந்தாலும் அதில் பிழையைத் தேடுவதற்குப் பதில் அழகைத் தேடத் தொடங்கினேன். நான் செய்யும் வேலையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் வேலைக்கு ஒரு முறை உண்டு. ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியை ஒருவர் வாய்விட்டுப் படிப்பார். கணினியில் அடித்து எடுத்த படியை இன்னொருவர் கூடவே பார்த்து வருவார். படிப்பவர் பொருளை உணர்ந்து படிக்கக் கூடாது. உணர்ந்தால் வேகம் வரும், வேகம் வந்தால் வரி தப்பும். எங்கள் அச்சகத்தில் படிப்பவருக்கு 'வானொலி' என்று பெயர். "என் தாய் இறந்துபோனாள் முற்றுப்புள்ளி புதுப் பத்தி" என்று அவர் படிக்கும்போது அவருக்கு ஒன்றும் ஆகாது. கேட்கும் எனக்கும் ஆகாது. ஒன்றும் ஆகாமல் இருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

வானொலி கண் அறுவைக்காக மூன்று வாரம் விடுப்பில் போனார். படிக்க ஆள் இல்லாவிட்டால் அதற்கும் முறை இருக்கிறது. கையெழுத்துப் பிரதியின்மேல் ரூலரை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்து, அடித்த படியோடு ஒப்பிட வேண்டும். நேரம் இரண்டு மடங்காகும், கழுத்து பிடித்துக்கொள்ளும்.

"ரூலர் வெச்சுத்தானே பாக்குறீங்க வாத்தியாரே?" என்று முதலாளி கேட்டார். நான் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு நான் வாத்தியார்.

"ஆமா சார்" என்றேன்.

ரூலர் மேசைமேல் இருந்தது. அந்த அளவில் அது பொய்யில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் மாட்டு டாக்டரின் புத்தகம் வந்தது. ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். குள்ளமான மனிதர், யாரையாவது தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுவோமோ என்பதுபோல மெல்லப் பேசுவார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் நீல மையில் எழுதி, நூலால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். தம் வேலை அனுபவங்கள். கன்று ஈனுவது, கால் குளம்பில் புண், ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்த மாட்டுக்காரர் என்று வரிசையாக.

"அடுத்த மாசம் பதினாலாம் தேதி அவளுக்கு எழுபது ஆகுது தம்பி. அன்னைக்குக் கையில குடுக்கணும். தேதி மட்டும் தவறக் கூடாது" என்றார். அவள் என்றது மனைவியை.

"குடுத்துடலாம் சார்."

அவர் போகவில்லை. கட்டின் நூலை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"இதுல ஒரே ஒரு பக்கம் இருக்கு. அவகிட்ட நான் சொல்ல வேண்டியது. நாப்பத்தொரு வருஷமா வாய்க்குள்ளேயே கெடக்கு. அந்தப் பக்கத்தை மட்டும் தனியா நீட்டுனா அசிங்கமா இருக்குமேன்னுதான் சுத்தி இருநூறு பக்கம் மாட்டைப் பத்தி எழுதிட்டேன்."

"எந்தப் பக்கம் சார்?"

"படிக்கும்போது உங்களுக்கே தெரியும்."

தெரிந்தது. எண்பத்தாறாம் பக்கத்தில் தெரிந்தது. முந்தைய பத்தியில் டாக்டர் தம் இளம் மனைவியோடு ஏதோ அற்ப விஷயத்துக்குச் சண்டை போடுகிறார். அடுத்த பத்தி இந்த வாக்கியத்தோடு தொடங்கியது:

'அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போன அன்று, மழை விட்டபின் கதவைத் திறந்தபோது, காது கிழிந்த கழுதை ஒன்று என்னையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது.'

அதற்கப்புறம் கழுதைக்குத் தையல் போடுகிறார். மனைவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. முப்பது பக்கம் தள்ளி அவள் சாதாரணமாக அவருக்குத் தலைவலி மாத்திரை கொடுக்கிறாள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வரை போய்வந்தேன். ஒரு மாட்டு டாக்டர்! எழுதப் பழகாத மனிதர்! பெண் போன இடத்தில் ஒரு கழுதையை நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நகர்கிறார். அந்தக் கிழிந்த காது யாருடைய காது? இத்தனை நாளும் அவள் பேசியதைக் கேட்காத காதல்லவா? நாற்பத்தொரு வருஷமாகச் சொல்லாததை இப்படித்தான் சொல்ல முடியும் என்று முடிவுகட்டினேன். அன்று மாலையே நோட்டில் மூன்று பக்கம் எழுதினேன். 'இங்கே கழுதை என்பது கழுதை அல்ல' என்று ஒரு வரி. 'வருகிறவர்கள் எப்போதும் நாம் எதிர்பார்த்தவர்களாக இருப்பதில்லை' என்று இன்னொரு வரி. இரண்டாவதை அடிக்கோடிட்டேன். என் வரியை நானே.

எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, கழுதை நின்னுச்சு. அந்தப் பொம்பள எங்க போனா?"

"அதை அவர் சொல்லலை. வாசகர்கிட்ட விட்டுட்டார்."

"வாசகருக்கு எப்படித் தெரியும்? மழையில பெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கா. பஸ் கெடச்சுதா, நனஞ்சாளா, ஒண்ணும் இல்ல. கழுதைக்கு மட்டும் தையல் போட்டாராமா?"

"அதுதான் கலை."

"நல்ல கலை" என்று அவள் என் சட்டையை உதறினாள்.

அவளுக்கு இலக்கிய உணர்வு குறைவு என்று அன்று உண்மையாகவே பரிதாபப்பட்டேன். கதையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அவள் கேட்டுவிட்டாள் என்பது எனக்கு எட்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஒன்பது மதிப்பெண். ஓரத்தில் 'இதுதான் வாசிப்பு' என்று எழுதி, கீழே இரண்டு கோடு. ஆசிரியை என்னை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிப் படிக்க வைத்தார். முதல் நாள் நான் யாரென்று கேட்ட பெண் கை தட்டினாள். எனக்குக் காது சூடானது. பத்தில் ஒன்பது வாங்கிய மனிதன் எப்படி நடப்பான் என்று தெரியாமல் அன்று வீட்டுக்கு வேறு மாதிரி நடந்து போனேன்.

"சனிக்கிழமை சாயங்காலம் இலக்கிய மன்றக் கூட்டத்துல இதைப் பேசுங்க சார்" என்றார் ஆசிரியை. "அந்தப் பக்கத்தோட கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவர முடியுமா? அந்த வாக்கியத்தை அவர் எப்படி எழுதினார்னு எல்லாரும் பாக்கணும். ஒரு அடித்தல் திருத்தல்கூட இருக்காதுன்னு நெனைக்கிறேன்."

"இருக்காது மேடம்" என்றேன், நானே எழுதியதுபோல.

வெள்ளிக்கிழமை மதியம் பிரதியைத் தேடி எடுத்தேன். அதற்குள் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களும் அச்சாகிவிட்டன. தாள்கள் மடிப்பில் இருந்தன. திங்கள் தைப்பு, செவ்வாய் அட்டை, புதன் பதினான்காம் தேதி.

பிரதியில் அந்த வாக்கியம் இல்லை.

இரண்டு முறை தேடினேன். மூன்றாம் முறை ரூலரை வைத்தேன். அப்போது தெரிந்தது. பக்கத்தின் மேலே ஒரு வரி 'கதவைத் திறந்தபோது' என்று முடிகிறது. பதினொரு வரி கீழே இன்னொரு வரி அதேபோல் 'கதவைத் திறந்தபோது' என்று முடிகிறது. எங்கள் அச்சகத்தில் கணினியில் அடிக்கும் அக்கா முதல் கதவைத் திறந்துகொண்டு நுழைந்து இரண்டாவது கதவு வழியாக வெளியே வந்துவிட்டார். நடுவில் இருந்த வரிகள் உலகத்துக்குள் வரவே இல்லை. அவை இவை:

'...மழை விட்டபின் கதவைத் திறந்தபோது, அவள் படியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேருந்து வரவில்லை என்றாள். மூன்று மணி நேரம் அங்கேயே இருந்திருக்கிறாள். கதவைத் தட்டவில்லை. நான் உள்ளேதான் இருந்தேன். அவள் இருமியது கேட்டது. இரண்டு முறை கேட்டது. தெருவில் யாரோ என்று நினைத்தேன் என அவளிடம் சொன்னேன். அது பொய். அவள் இருமல் எனக்குத் தெரியும். அவளாகத் தட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். இதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தபோது, காது கிழிந்த கழுதை ஒன்று என்னையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது.'

ஆக, கழுதை கழுதைதான். ஆஸ்பத்திரிக்கு வந்த கழுதை. அதன் காதைக் கம்பிவேலி கிழித்திருந்தது. வேறு எந்தப் பொருளிலும் கிழியவில்லை.

அப்போது என் மனம் போன போக்கைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் பயனில்லை. முதலில் நான் டாக்டரை நினைக்கவில்லை. அவர் மனைவியை நினைக்கவில்லை. ஒன்பது மதிப்பெண்ணை நினைத்தேன். அடுத்து, என் வாக்கியம் அவருடையதைவிட நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். இந்தப் பதினொரு வரியில் என்ன நடை இருக்கிறது? அவள் இருமினாள், நான் கேட்டேன், பொய் சொன்னேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம். கலைக்காக நான் வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கலைக்காக அப்படி நான் எதையும் செய்ததில்லை. இதை மட்டும் சுலபமாகச் செய்ய முடியும்போல இருந்தது.

டீ ஆறியது. அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். பிறகு எழுந்து அக்காவிடம் போனேன்.

அக்கா திரையைப் பார்த்தார், பிரதியைப் பார்த்தார். "ஐயோ" என்று கையை நெற்றியில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் தாவிட்டேன், சரி. ஒரு நாளைக்கு நாப்பது பக்கம் அடிக்கிறேன், கண்ணு தாவத்தான் செய்யும். அதைப் பிடிக்கத்தானே உன்னை உக்கார வெச்சிருக்கு? நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"ரசிச்சிட்டிருந்தேன்க்கா."

"என்ன பண்ணிட்டிருந்த?"

"ரசிச்சிட்டிருந்தேன்."

அக்கா பிரதியை என் கையில் திணித்தார். "முதலாளிகிட்ட இந்த வார்த்தைய சொல்லிடாத. தூங்கிட்டேன்னு சொல்லு. மன்னிச்சுருவாரு."

நான் முதலாளியிடம் உண்மையையே சொன்னேன். நல்ல குணத்தால் அல்ல; வேறு பொய் தயாராக இல்லை.

"ரசிச்சீங்களா?" முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "பன்னண்டு வருஷமா இங்க எத்தனையோ பேர் புத்தகம் போட்டிருக்கான். ஒருத்தனையாவது நாம ரசிச்சிருக்கமா வாத்தியாரே? அதனாலதானே தொழில் ஓடுது?"

"அந்தப் பக்கம் வர்ற பதினாறு பக்கத் தாளை மட்டும் மறுபடி அச்சடிச்சிடலாம் சார். இடத்துக்கு அதுல இருக்கிற காளை படத்தைச் சின்னதாக்கிடலாம். நானே இருந்து மடிச்சுத் தரேன்."

"எதுக்கு? கடைசில ஒரு பிழைதிருத்தச் சீட்டு ஒட்டிடலாம். 'எண்பத்தாறாம் பக்கம், மூணாவது வரியில் கழுதைக்கு முன்பு மனைவி வர வேண்டும்'. முடிஞ்சுது."

"சார், அந்தச் சீட்டை யாரும் படிக்க மாட்டாங்க."

"நீங்க படிப்பீங்கல்ல?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கினார். "ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு டாக்டர் வீட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க. அவர் சீட்டு போதும்னா சீட்டு. மறுபடி அடிக்கணும்னா அடிக்கலாம், உங்க ஞாயித்துக்கிழமை போச்சு."

அன்று மாலை கல்லூரியில் ஆசிரியையை வராந்தாவில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்து, மதிப்பெண்ணை அடித்துவிடச் சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன. கோபம் என்று நினைத்தேன். மகிழ்ச்சி.

"சார்! இது இன்னும் பிரமாதம் இல்லையா? அப்ப அந்த வாக்கியத்துக்கு ஆசிரியரே கிடையாது! வாசகர்தான் அதை உண்டாக்கியிருக்கார்! நாளைக்கு இதையும் சேர்த்துப் பேசுங்க."

"மேடம், அந்த அம்மா படியில உக்காந்து இருமிட்டிருக்காங்க."

"அது ஆசிரியரோட நோக்கம் சார். நமக்கு வாக்கியம்தானே முக்கியம்."

ஒன்பதைப் பத்தாக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு நடந்தபோது எண்ணிப் பார்த்தேன். அக்காவுக்கு வருத்தம் இருந்தது, ஆனால் அவர் அடிக்க வேறு புத்தகம் வந்துவிட்டது. முதலாளிக்குச் சீட்டு இருக்கிறது. ஆசிரியைக்கு வாக்கியம் இருக்கிறது. எனக்குப் பத்து மதிப்பெண் இருக்கிறது. இனி டாக்டர் ஒருவர் தலையசைத்துவிட்டால், அந்தப் பதினொரு வரி இல்லாமல் எல்லோரும் சௌக்கியமாக இருப்போம்.

டாக்டர் வீடு மாடியில். வாசலில் முழங்கால் வரை வரும் ரப்பர் காலணிகள் இன்னும் கழுவித் துடைத்தபடி இருந்தன. கூடத்துச் சுவரில் மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் நான்கு அறைகளையும் காட்டும் வண்ணப் படம். டாக்டரின் மனைவி, அந்த அம்மா, உள்ளே ஏதோ வேலையாக இருந்தார். நான் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொல்லிப் பிரதியின் அந்தத் தாளை நீட்டினேன்.

டாக்டர் நெடுநேரம் தாளையே பார்த்தார்.

"அப்ப அது புத்தகத்துல இல்லையா?"

"இல்ல சார். என் தப்பு. மறுபடி அச்சடிச்சுடலாம், நேரம் இருக்கு."

அவர் முகத்தில் வந்தது கோபமில்லை. பரீட்சை தள்ளிப்போன பையனின் முகம். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். மாலைக் கல்லூரியில் நானும் அதைப் போட்டுக்கொள்வது உண்டு.

"நல்லதாப் போச்சுன்னு நெனைக்கிறேன் தம்பி. எழுதிட்டேனே தவிர எனக்கும் ஒரு வாரமா தூக்கமில்ல. நானே வந்து எடுத்துடச் சொல்லலாமான்னு இருந்தேன். தானா போனது போகட்டும். என்ன, அந்தக் கழுதை எடம் மாறி நிக்குது. நின்னுட்டுப் போகுது."

"சார், அந்த ஒரு பக்கத்துக்காகத்தானே..."

"மாட்டைப் பத்தியும் நல்ல விஷயங்கள் இருக்கு."

எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எழுந்து படியிறங்கி, மாலையில் மேடை ஏறிக் கழுதையைப் பற்றிப் பேசிவிட்டு வரலாம். நான் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தாள் இன்னும் மேசையில் கிடந்தது, அதை எடுத்துப் பைக்குள் வைக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

"என்ன இல்லைங்கிறீங்க ரெண்டு பேரும்?" அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். டாக்டரைவிட ஒரு பிடி உயரம்.

"ஒண்ணுமில்ல. அச்சாபீஸ்ல ஏதோ ஒரு பக்கம் விட்டுப்போச்சாம்" என்றார் டாக்டர்.

"எது?" என்று தாளை எடுத்துவிட்டார்.

டாக்டர் எழுந்து சுவர் பக்கம் போய், மாட்டின் வயிற்றை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அம்மா உதடு அசையப் படித்தார். முடித்துவிட்டு முதல் வரிக்குப் போய் மறுபடி படித்தார். தெருவில் ஒரு வண்டி பின்னால் வரும்போது போடும் பீப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் என் செருப்பைப் பார்த்தேன். கழற்றாமல் உள்ளே வந்திருந்தேன்.

"இது தப்பு" என்றார் அம்மா, ஒரு வரியில் விரலை வைத்து.

"எது?" டாக்டர் திரும்பவில்லை.

"பஸ் வரலைன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு பஸ் வந்துச்சு."

"நீதானே அன்னைக்கு வரலைன்னு சொன்ன?"

"நீங்க தெருவுல யாரோன்னு நெனச்சேன்னு சொன்னீங்க. நான் பஸ் வரலைன்னு சொன்னேன்."

டாக்டர் இப்போது திரும்பினார். "வந்தும் ஏறலையா?"

"ஏறியிருந்தா இத்தனை வருஷம் உங்ககூட யாரு குப்பை கொட்டியிருப்பா? இந்தக் கழுதையா?" விரல் கீழே இறங்கி நின்றது. "இதுவும் தப்பு. ரெண்டு இல்ல. அஞ்சு தடவை இருமினேன்."

"ரெண்டுதான் கேட்டுது."

"அஞ்சு. எனக்கு இருமலே கிடையாது அன்னைக்கு. வேணும்னே இருமினேன். தொண்டை வலிச்சதுதான் மிச்சம்."

"சத்தியமா ரெண்டுதான் கேட்டுது."

"ரெண்டுக்கு அப்புறம் ஜன்னலைச் சாத்திட்டீங்க. பின்ன எப்படிக் கேக்கும்?"

டாக்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். நான் வேறு எங்காவது இருந்திருக்கலாம் என்று அவர் நினைத்தது தெரிந்தது. நானும் அதையேதான் நினைத்தேன்.

"தம்பி" என்றார் அம்மா. "இதை மறுபடி போட முடியுமா?"

"முடியும்மா."

"போடுங்க. பஸ் ரெண்டு, இருமல் அஞ்சு, ஜன்னல் ஒண்ணு."

"ஜன்னல் வேணாமே" என்றார் டாக்டர். "ஊர் பூரா படிக்கும். என் புத்தகம் இது."

"புத்தகம் உங்களோடது. இருமல் என்னோடது."

என் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. எடுத்தேன். பேருந்தைத் திருத்தினேன். இரண்டை அடித்து ஐந்து என்று போட்டேன். ஜன்னலுக்கு இடம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தபோது டாக்டர் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். ஓரத்தில் ஒரு வரி எழுதி, ஓர் அம்புக்குறி போட்டார். எழுதிய தாளை என்னிடம் தரவில்லை, மனைவியிடம் நீட்டினார். 'இரண்டாம் இருமலுக்கு நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.'

அம்மா படித்துவிட்டு, "ம்" என்றார். ஒரு நிமிஷம் கழித்து, "செருப்போட வந்திருக்கீங்களே தம்பி" என்றார் என்னிடம்.

மாலை ஆறு மணிக்கு, கல்லூரி மன்றத்தில் நான் பேசியிருக்க வேண்டிய நேரத்தில், அச்சகத்தில் நின்று புதிதாக அச்சான தாள்களை மடித்துக்கொண்டிருந்தேன். அக்காவும் இருந்தார், திட்டிக்கொண்டே. முந்நூறு படி. மடிக்கும்போது படிக்கக் கூடாது, மடிப்பு கோணலாகிவிடும். எண்பத்தாறாம் பக்கம் கோணலாக மடிந்த படி யாரிடமாவது இருந்தால், அது நான் மடித்தது.